தடுப்பூசிக் கணக்கில் சேரிக்குத் தனி வரிசை இல்லை

தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாத வயதுள்ள குழந்தைகளில் 89.2 சதவீதம் பேருக்கு அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தும் போடப்பட்டிருக்கின்றன என்கிறது தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21). இந்திய அளவில் இது 76.4 சதவீதம். நாம் பெருமைப்பட வேண்டிய எண்தான் இது. வெயிலிலும் மழையிலும் வீடு வீடாக நடந்த கிராம சுகாதார செவிலியர்களின் உழைப்பு இதற்குள் இருக்கிறது. அரசு மருத்துவமனையை நம்பி வரும் தாய்மார்களின் நம்பிக்கையும் இருக்கிறது. இந்த எண்ணைப் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. இதற்கு வெளியே நிற்கும் 10.8 சதவீதம் யார் என்ற கேள்வியைக் கேட்க வருகிறேன்.

ஒரு எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். நம் பிறப்பு விகிதத்துக்கு அங்கே ஆண்டுக்கு அறுபது, எழுபது குழந்தைகள் பிறக்கும். 65 என்று வைத்துக்கொள்வோம். ஊரில் 50 குழந்தைகள், சேரியில் 15 குழந்தைகள். 58 பேருக்கு எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது. சதவீதம் போட்டால் 89.2. மாநிலத்தின் எண்ணே வந்துவிட்டது. இப்போது விடுபட்ட ஏழு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஊரும் சேரியும் சமமாக விடுபட்டிருந்தால் ஊரில் ஐந்தாறு பேர், சேரியில் ஓரிருவர். ஏழு பேரும் சேரியில் இருந்தால், ஊரின் கணக்கு 100 சதவீதம், சேரியின் கணக்கு 53 சதவீதம். இரண்டு நிலைமைக்கும் அறிக்கையில் ஏறும் எண் ஒன்றுதான்: 89.2.

தட்டம்மை போன்ற ஒரு நோய் இந்தச் சராசரியைப் படிப்பதில்லை. அது பரவாமல் தடுக்க ஒவ்வொரு குடியிருப்பிலும் சுமார் 95 சதவீதக் குழந்தைகளுக்காவது பாதுகாப்பு இருக்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட அளவு. 53 சதவீதத்தில் நிற்கும் ஒரு தெருவுக்குள் அது நுழைந்தால், பக்கத்துத் தெருவின் 100 சதவீதம் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றாது. 2022 இறுதியில் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் உயிரிழந்தபோது, அது தொடங்கியது கோவண்டியில். நகரத்தின் குப்பை மலையை ஒட்டி, முஸ்லிம்களும் தலித்துகளும் நெருக்கியடித்து வாழும் பகுதி அது. மும்பையின் சராசரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கோவண்டி தெரியவில்லை.

மேலே மட்டும் போகும் எண்

என் முனைவர் பட்ட ஆய்வுக்காக வட மாவட்டங்களில் வட்டார மருத்துவ அலுவலர்கள், சமுதாய சுகாதார செவிலியர்கள், பகுதி சுகாதார செவிலியர்கள், கிராம சுகாதார செவிலியர்கள் ஆகியோரிடம் தொடர்ந்து பேசி வருகிறேன். நான் அவர்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: தடுப்பூசி சதவீதத்தை வைத்து நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பெரும்பாலும் கிடைக்கும் பதில், "அனுப்புகிறோம்" என்பதுதான்.

கிராம சுகாதார செவிலியர் தன் பதிவேட்டில் எழுதுகிறார். அதையே பிக்மி மென்பொருளில் ஏற்றுகிறார். பிறகு யு-வின் தளத்தில் ஏற்றுகிறார். மாதக் கடைசியில் எச்.எம்.ஐ.எஸ். எனப்படும் சுகாதார மேலாண்மைத் தகவல் அமைப்புக்காக அதே எண்ணைத் திரட்டித் தருகிறார். அது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், வட்டாரத்துக்கும், மாவட்டத்துக்கும், சென்னைக்கும், டெல்லிக்கும் போகிறது. போன எண் திரும்பி வருவது ஒரே ஒரு வடிவத்தில்தான். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் வட்டாரங்களை வரிசைப்படுத்தி, கடைசி இடத்துக்கு வந்தவரை எழுப்பி நிறுத்துவார்கள். சிவப்பு நிறக் கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் அந்தக் கூட்டத்தின் கேள்வி. சிவப்பாக இருப்பது எந்தத் தெரு என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ஒரு வட்டார மருத்துவ அலுவலர் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்: "பர்சன்டேஜ் எங்களுக்கு மார்க் ஷீட் மாதிரி. மார்க் குறைஞ்சா திட்டு வாங்கணும். மார்க் ஷீட்டைப் பாத்து யாரும் பாடம் படிக்க மாட்டாங்க."

இதில் அவரைக் குறை சொல்லி என்ன பயன்? எண்ணை மதிப்பெண்ணாக்கினால், கீழே இருப்பவர் மதிப்பெண்ணைத்தான் சரி செய்வார். 95-க்கு மேல் காட்ட வேண்டும் என்ற அழுத்தத்தில் இருக்கும் ஒருவர், "என் பகுதியில் இத்தனை குழந்தைகளை என்னால் எட்ட முடியவில்லை" என்று எழுதித் தரும் சூழல் அங்கே இல்லை. உண்மையைச் சொன்னால் தண்டனை கிடைக்கும் இடத்தில் தரவு சுத்தமாக இருக்காது.

கீழே இருக்கும் எண்ணைக் கவனியுங்கள்

பள்ளியில் பின்னம் படித்தோம். மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. தடுப்பூசிச் சதவீதத்தில் மேலே இருப்பது ஊசி போட்ட குழந்தைகள், கீழே இருப்பது போட வேண்டிய மொத்தக் குழந்தைகள். எல்லோரும் மேலே இருக்கும் எண்ணைப் பற்றியே பேசுகிறோம். அரசியல் இருப்பது கீழே இருக்கும் எண்ணில்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? நாட்டில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2011-இல். அதிலிருந்து கணித்துப் பெருக்கி, இந்த வட்டாரத்தில் இந்த ஆண்டு இத்தனை குழந்தைகள் பிறக்கும் என்று இலக்கு தருகிறார்கள். பதினைந்து ஆண்டுகளில் பிறப்பு விகிதம் விழுந்திருக்கிறது, ஊர்கள் காலியாகியிருக்கின்றன, நகர விளிம்புகள் வீங்கியிருக்கின்றன. அதனால்தான் சில இடங்களில் 100 சதவீதத்துக்கு மேல் தடுப்பூசி போட்டதாக அறிக்கை வருகிறது. 110 சதவீதக் குழந்தைகளுக்கு ஊசி போட்டோம் என்பதைக் கேட்டு யாரும் சிரிப்பதுகூட இல்லை. பழகிவிட்டது. நகரத்து மருத்துவமனையில் பக்கத்து வட்டாரக் குழந்தைக்குப் போட்ட ஊசியும் நகரத்தின் கணக்கில் சேரும். நகரம் 110 என்றும் கிராமம் 80 என்றும் வந்தால், மாவட்ட அளவில் இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல எண் கிடைத்துவிடும். கிராமத்தில் விடுபட்டவர்கள் நகரத்தின் உபரிக்குள் கரைந்துபோவார்கள்.

இந்தக் கீழ் எண்ணை ஆள்பவர்கள் எப்படியெல்லாம் பயன்படுத்த முடியும் என்பதற்கு 2025 ஜூனில் ஒன்றிய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையே சான்று. ஒரு தடுப்பூசித் தவணைகூடப் பெறாத குழந்தைகளை ‘ஜீரோ டோஸ்’ குழந்தைகள் என்கிறார்கள். 2023-இல் 0.11 சதவீதமாக இருந்த இவர்கள் 2024-இல் 0.06 சதவீதமாகக் குறைந்துவிட்டார்கள் என்றது அந்த அறிக்கை. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் அது எதில் 0.06 சதவீதம்? நாட்டின் மொத்த மக்கள்தொகையில்! கிழவர்களும் இளைஞர்களும் அமைச்சர்களும் சேர்ந்த 140 கோடிப் பேரைக் கீழே போட்டு, கைக்குழந்தைகளை மேலே போட்டு வகுத்திருக்கிறார்கள். அந்த 0.06 சதவீதத்தின் பின்னால் இருப்பவர்கள் சுமார் 9 லட்சம் குழந்தைகள். ஆண்டுக்குப் பிறக்கும் சுமார் 2.3 கோடிக் குழந்தைகளால் வகுத்தால் அது ஏறத்தாழ 4 சதவீதம். எண்ணிக்கை குறைந்தது உண்மை, வரவேற்கத்தக்கது. ஆனால் நூறில் நான்கு என்று சொல்ல வேண்டியதைப் பத்தாயிரத்தில் ஆறு என்று சொல்வது கணக்குப் பாடத்தில் செய்த பிழையாக எனக்குத் தெரியவில்லை.

எண்ணிக்கையைச் சுருக்குவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1932-இல் வாக்குரிமையை ஆராய்ந்த லோதியன் குழுவில் பாபாசாகேப் அம்பேத்கர் உறுப்பினராக இருந்தார். தீண்டப்படாதவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்து அரசியல் பங்கு தர வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும், தங்கள் மாகாணங்களில் அப்படி யாருமே இல்லை, இருந்தாலும் சொற்பம்தான் என்று சாதி இந்துக்கள் வாதாடத் தொடங்கியதை அவர் பின்னாளில் விரிவாக எழுதினார். இல்லை என்று எழுதிவிட்டால் கொடுக்க வேண்டியதில்லை. காலனிய ஆட்சியின் கணக்கெடுப்பில் தம் மக்கள் எந்தப் பெயரில் பதியப்பட வேண்டும் என்பதற்காக அயோத்திதாசப் பண்டிதர் வாதாடியதும் இதே காரணத்தால்தான். எண்ணப்படுவது நமக்கு எப்போதும் அரசியல்தான்.

வாயில் இருக்கிறது, ஏட்டில் இல்லை

என் ஆய்வில் என்னை உலுக்கிய விஷயம் வேறு ஒன்று. சதவீதத்தைக் காட்டிப் பேசும்வரை அதிகாரிகள் அலுவலக மொழியில் பேசுவார்கள். "சரி, விடுபட்ட குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டதும் மொழி மாறிவிடும். "காலனியில கொஞ்சம் டிராப் அவுட் இருக்கும்", "அருந்ததியர் தெருவுல காலையில ஆளே இருக்க மாட்டாங்க", "ஏரிக்கரை இருளர் வீடுங்க நம்ம லிஸ்ட்லயே வராது." எல்லாம் விரல்நுனியில் இருக்கிறது. எந்தத் தெரு, எத்தனை வீடு, யார் சூளைக்குப் போயிருக்கிறார்கள் என்று பதிவேட்டைத் திறக்காமலே சொல்கிறார்கள். சாதியின் வரைபடம் அவர்கள் தலைக்குள் துல்லியமாக இருக்கிறது. அவர்கள் அனுப்பும் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

எச்.எம்.ஐ.எஸ். படிவத்தில் முழுமையாகத் தடுப்பூசி பெற்ற குழந்தைகளை ஆண், பெண் என்று பிரித்துக் கேட்கிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடி என்று பிரித்துக் கேட்பதில்லை. ஆனால் தாய் கருவுற்றதும் பதியும் ஆர்.சி.எச். பதிவேட்டில் சாதிப் பிரிவு கேட்கப்படுகிறது. எஸ்.சி., எஸ்.டி., பிறர் என்று எழுதுகிறார்கள். அதாவது அந்தப் பெண்ணிடம் சாதியைக் கேட்டு வாங்கிக்கொள்கிற அரசு, அவள் குழந்தைக்கு ஊசி போய்ச் சேர்ந்ததா என்று சாதிவாரியாகத் திரும்பிச் சொல்வதில்லை. எந்த ஆய்வுக் கூட்டத்திலும் அந்தத் தாள் மேசைக்கு வருவதில்லை.

தேசிய குடும்ப நல ஆய்வு சாதிவாரி எண்களைத் தருகிறதே என்று கேட்கலாம். மாநில அளவில் தருகிறது. ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட வீடுகள் 27,929. அப்போதைய 32 மாவட்டங்களுக்குப் பிரித்தால் மாவட்டத்துக்கு 900 வீடுகள்கூட இல்லை. அவற்றில் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? பல மாவட்டத் தாள்களில் தடுப்பூசி எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். ஐம்பது குழந்தைகள்கூட இல்லாத மாதிரியிலிருந்து வந்த எண், கவனமாகப் பயன்படுத்துங்கள் என்பது அந்த அடைப்புக்குறியின் பொருள். அந்த ஐம்பதுக்குக் குறைவானவர்களைச் சாதிவாரியாகப் பிரித்தால் ஒன்றும் மிஞ்சாது. ஆக, சாதி தெரியும் இடத்தில் தெரு தெரியாது. தெரு தெரியும் இடத்தில் சாதியை எழுத இடமில்லை.

இந்த இடைவெளியில் விழும் ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். இருளர் குடும்பங்கள் பல, மழைக்காலம் முடிந்ததும் செங்கல் சூளைகளுக்குப் போய் அடுத்த மழைக்கு முன் திரும்புகின்றன. குழந்தைக்கு ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போட வேண்டிய ஊசிகள் சரியாக அந்தச் சூளைக் காலத்துக்குள் விழும். சொந்த ஊர்ச் செவிலியரின் பட்டியலில் அக்குழந்தை ‘இடம்பெயர்ந்தது’. சூளை இருக்கும் ஊர்ச் செவிலியரின் பட்டியலில் அது ‘நம் பகுதி அல்ல’. ஆதார் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, கருவுற்றபோது பதியவும் இல்லை என்றால் கணினியில் அக்குழந்தை பிறக்கவே இல்லை. இரண்டு செவிலியர்களின் சதவீதமும் குறையாது. கீழ் எண்ணிலேயே சேராத குழந்தை யாருடைய தோல்வியாகவும் பதிவாகாது. மிகவும் விலக்கப்பட்டவர்களைக் கணக்கிலிருந்தும் விலக்கிவிட்டால் சதவீதம் உயரத்தான் செய்யும்.

தெருவிலிருந்து நிலையத்துக்கு

எண்ணும் இடமும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு வரலாறு உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. பெருந்துயரம் அது. அதன் பிறகு, கிராமத்துக்கே போய் ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் சுகாதார நிலையங்களில்தான் போட வேண்டும் என்று ஆனது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஊசி தெருவை விட்டுப் போனால் யாருக்கு எட்டாமல் போகும் என்ற கேள்விக்கு அந்த முடிவில் இடம் இருந்ததா?

புதன்கிழமை ஊசி நாள். வண்டி இருப்பவருக்கு ஆரம்ப சுகாதார நிலையம் பத்து நிமிடம். நடவுக்கோ சூளைக்கோ நூறுநாள் வேலைக்கோ போகும் தாய்க்கு அது ஒரு நாள் கூலி. 2005-06-இல் நடந்த மூன்றாம் சுற்றில் தமிழ்நாட்டின் முழுத் தடுப்பூசி அளவு சுமார் 81 சதவீதம். 2015-16-இல் நடந்த நான்காம் சுற்றில் அது 69.7. பத்தாண்டில் பதினொரு புள்ளி சரிவு. காரணம் இது ஒன்று மட்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பத்தாண்டு முழுவதும் மாதாமாதம் எண்கள் மேலே போய்க்கொண்டுதான் இருந்தன, ஆய்வுக் கூட்டங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. நோய்த்தடுப்பில் முன்னோடி மாநிலம் என்ற பெயருக்கும் குறைவில்லை. சரிவைச் சொல்ல வெளியிலிருந்து ஒரு வீட்டுக் கணக்கெடுப்பு வர வேண்டியிருந்தது. பிறகு அரசு விழித்து வேலை செய்தது, 89.2-க்கு வந்தோம். சராசரி மீண்டது. இறங்கும்போது யார் முதலில் இறங்கினார்கள், ஏறும்போது யார் கடைசியாக ஏறினார்கள் என்பதைச் சொல்லும் ஏடு மட்டும் நம்மிடம் இல்லை.

மையம் எங்கே இருக்கிறது என்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஊசி போடும் இடம் ஊருக்குள் இருக்கும் அங்கன்வாடியா, சேரிக்குள் இருக்கும் சமுதாயக் கூடமா என்பது யார் வருவார்கள், யார் வாசலில் காத்திருப்பார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்தப்பட்டு 2006-இல் நூலாக வந்த ‘கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை’ ஆய்வு, மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொது சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போவதில்லை என்று பதிவு செய்தது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளைத் தொடுவதிலும் மருந்து கொடுப்பதிலும் காட்டப்படும் பாகுபாட்டைப் பேராசிரியர் சங்கமித்ரா ஆச்சார்யாவின் ஆய்வு ஆவணப்படுத்தியது. இவையெல்லாம் சதவீதத்தில் தெரியாது. ஊசி போட்டால் ஒரு டிக். எப்படிப் போட்டார்கள், எவ்வளவு நேரம் நிற்க வைத்தார்கள், அடுத்த தவணைக்கு அந்தத் தாய் ஏன் வரவில்லை என்பதற்கு டிக் இல்லை.

செவிலியர்களை வில்லன்களாக்கும் எழுத்தாக இதைப் படித்துவிடக் கூடாது. அவர்களில் பலர் நம் வீட்டுப் பெண்கள். தலித் செவிலியருக்கு ஊருக்குள் வாடகை வீடு கிடைக்காத கதையை எனக்குச் சொன்னவர்கள் ஒருவர் இருவர் அல்ல. பணி ஓய்வுக்கு நெருங்கிய ஒரு கிராம சுகாதார செவிலியர் சொன்னார்: "தம்பி, எந்த வீட்டுல எந்தப் புள்ளைக்கு ஊசி பாக்கின்னு எனக்குத் தெரியும். என் நோட்டுல தெருவாரியா எழுதி வச்சிருக்கேன். அந்த நோட்டை இதுவரைக்கும் எந்த ஆபீசரும் கேட்டதில்ல." அந்த நோட்டுப் புத்தகம்தான் உண்மையான தரவு. மேலே போகும் சதவீதம் அதை வடிகட்டி, சாதியை நீக்கி, தெருவை நீக்கி எடுத்த சக்கை.

பெயர் போகட்டும், கணக்கு இருக்கட்டும்

2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். இழிவின் குறியீடாக மாறிவிட்ட ஒரு சொல் போவதை நாம் வரவேற்கிறோம். எங்கள் முகவரியைப் பார்த்ததும் முகம் மாறுபவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் பலகை மாறியதும் பாதை மாறிவிடாது. ‘காலனி’ ஒரு தலைவரின் பெயரிலோ ஒரு பூவின் பெயரிலோ நகராகலாம். அந்த நகருக்கு ஊசி எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தனியாகக் கேட்க முடியாவிட்டால், பெயர் நீக்கம் பாகுபாட்டின் தடயத்தையும் சேர்த்து அழித்துவிடும் ஆபத்து இருக்கிறது. இழிவுப் பெயர் போக வேண்டும், குடியிருப்புவாரிக் கணக்கு வர வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

"தடுப்பூசியில்கூடச் சாதியா?" என்று முற்போக்கு நண்பர்களே சலித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். சாதியை நாம் கொண்டுவரவில்லை. சுடுகாட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் பிரித்து வைத்த சமூகத்தில் ஊசி மட்டும் சாதி தெரியாமல் நடந்து போகும் என்று நம்புவதற்குத்தான் ஆதாரம் வேண்டும். பிரித்துப் பார்த்து, இடைவெளி இல்லை என்று தெரிந்தால் மகிழ்ச்சியோடு கொண்டாடுவோம். பார்க்காமலே இல்லை என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

இன்னொரு அச்சம் நியாயமானது. சாதிவாரித் தரவு நம்மைப் பழி சொல்ல பயன்படாதா? "சேரிக்காரர்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று எழுத அது ஆயுதமாகாதா? ஆகலாம். அதனால்தான் எதை எண்ணுகிறோம் என்பது முக்கியம். தனிநபரின் சாதியைக் கைப்பேசிச் செயலியில் தட்டி ஏற்றி எல்லோரும் பார்க்கும்படி வைக்கச் சொல்லவில்லை. குடியிருப்பை எண்ணுங்கள். அதைவிட முக்கியமாக, அரசு செய்ததை எண்ணுங்கள். இந்தக் குடியிருப்பில் இந்த ஆண்டு எத்தனை முறை ஊசி முகாம் நடந்தது? திட்டமிட்டு நடக்காமல் போனது எத்தனை? அருகில் இருக்கும் மையம் எவ்வளவு தூரம்? செவிலியர் பணியிடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது? வராத தாயை எண்ணும் அரசு, போகாத தன்னையும் எண்ண வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்தின் தடுப்பூசிக் கணக்கும் குடியிருப்புவாரியாகத் தயாரிக்கப்பட்டு, அந்தச் செவிலியரிடமும் வட்டார மருத்துவ அலுவலரிடமும் மாதந்தோறும் திரும்பி வர வேண்டும். புதிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. பெயர்வாரிப் பதிவு பிக்மியிலும் யு-வின்னிலும் ஏற்கெனவே இருக்கிறது. பிரித்துக் காட்டும் மனம்தான் தேவை.

இரண்டாவது, கீழ் எண்ணை 2011-இலிருந்து பெருக்கி எடுப்பதை விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாக எண்ணி எடுக்க வேண்டும். செங்கல் சூளை, அரிசி ஆலை, கல் குவாரி, கட்டுமான இடம் ஆகியவை அந்தப் பகுதிச் செவிலியரின் எல்லைக்குள் எழுத்துபூர்வமாகச் சேர்க்கப்பட வேண்டும். எந்த ஊர்க் குழந்தையாக இருந்தாலும், இன்று எங்கே இருக்கிறதோ அந்த இடத்தின் கணக்கில் வர வேண்டும்.

மூன்றாவது, குறைவான எண்ணைக் காட்டியவரை எழுப்பி நிறுத்தும் வழக்கம் ஒழிய வேண்டும். விடுபட்ட தெருவைக் கண்டுபிடித்துச் சொன்ன செவிலியருக்குக் கூடுதல் ஆளும் வண்டியும் தர வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்பாமல், ஒரே பெண்ணிடம் மூன்று இடத்தில் பதிவேற்றச் சொல்லிவிட்டு, தரவு சரியில்லை என்று புலம்புவதில் பொருளில்லை.

நான்காவது, இந்தக் கணக்கு மக்களிடம் வர வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. சாலைக்கும் தெருவிளக்குக்கும் கணக்குக் கேட்கும் சபையில் தடுப்பூசிக்கும் கணக்குக் கேட்கலாம். குழந்தைகளின் பெயரும் குடும்பங்களின் பெயரும் வேண்டாம். குடியிருப்பின் பெயர், பிறந்த குழந்தைகள், ஊசி முழுமையானவர்கள், நடந்த முகாம்கள் என்று நான்கு வரிசை போதும்.

தட்டம்மையையும் ரூபெல்லாவையும் 2026-க்குள் ஒழிப்பதாக இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. 2027-இல் சாதிவாரியாக மக்களை எண்ணப்போவதாகவும் அரசு முடிவெடுத்திருக்கிறது. அந்த எண்கள் வந்ததும் கீழ் எண் புதிதாகும். அப்போதும் படிவம் பழையதாகவே இருந்தால், புதிய எண்ணைப் பழைய சராசரிக்குள் கொட்டி மூடிவிடுவார்கள். படிவத்தை மாற்றும் கோரிக்கை இப்போதே எழ வேண்டும்.

இதைப் படிக்கும் தோழர்களில் பலர் சொந்த ஊரில் படிப்பு வட்டமோ இரவுப் பள்ளியோ நடத்துபவர்கள். அடுத்த கிராம சபைக்கு முன் உங்கள் பகுதிச் செவிலியரைப் போய்ப் பாருங்கள். சண்டைக்குப் போகாதீர்கள், உதவிக்குப் போங்கள். அவரிடம் இருக்கும் தெருவாரி நோட்டைப் பற்றிக் கேளுங்கள். பிறகு சபையில் எழுந்து, நம் தெருவில் இந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் எத்தனை, ஊசி முழுமையானவர்கள் எத்தனை என்ற கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். பதில் உடனே வராது. கேள்வி எழுத்தில் ஏறிவிட்டால், அதற்கு ஒரு வரிசை போட்டே தீர வேண்டும்.